வேளாண் விரிவாக்கப் பணி வழியாகக் காலநிலைக் கல்வி என்றால் என்ன? டெல்டாவுக்கு அது ஏன் தேவை?

விரிவாக்கப் பணி என்பது பல்கலைக்கழகத்தில் கண்டறிந்ததை வயலுக்குக் கொண்டு செல்வதும், வயலில் எழும் கேள்வியை ஆய்வாளரிடம் திருப்பிக் கொண்டு வருவதுமாகும். காவிரி டெல்டாவில் 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையமும் இத்தகைய பணியைச் செய்கின்றன. காலநிலைக் கல்விக்கென்று புதிதாக ஒரு கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தேவைக்கான காரணம் எளியது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. வடகிழக்குப் பருவத்தில் இளம் சம்பாப் பயிர் மூழ்குமா, தப்புமா என்பது விதைக்கும் நாளையும் வடிகாலையும் பொறுத்தது. மேட்டூர் நிரம்பியிருந்தாலும் கிளை வாய்க்கால் தூர்வாரப்படாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது அல்லவா? அறிவும் அப்படித்தான், இந்தப் பணியே அதன் வாய்க்கால்.

பாடத்தை விரிவுரையில் தொடங்குவதைவிட ஒரு மழைமானியில் தொடங்கலாம். காலை எட்டரை மணிக்கு அளவைப் படித்து நோட்டில் எழுதும் விவசாயி, ஒரு மில்லிமீட்டர் மழை தன் ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் என்று கணக்கிட்டுவிட்டால், முன்னறிவிப்பில் வரும் எண் அவருக்குத் தானாகவே பொருள்படும். (அந்த நோட்டு பத்து ஆண்டு நிறைந்தால் ஆய்வாளருக்கும் பொக்கிஷம்.)

2018 கஜா புயலைக் காட்டி ‘இதுதான் காலநிலை மாற்றம்’ என்பதும், குளிர்ந்த ஒரு மார்கழியைக் காட்டி ‘அப்படி எதுவுமில்லை’ என்பதும் ஒரே பிழைதான், ஏனெனில் காலநிலை வழக்கமாக 30 ஆண்டுச் சராசரியைக் கொண்டே கணிக்கப்படுகிறது.