வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

வணக்கம் அம்மா. கேம்பஸில் வேலை கிடைத்தும் மகள் சொந்தமாக ஆப் நடத்தப் போகிறேன் என்கிறாள், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

போன வாரம் அவளிடம் நேரில் பேசினேன். மதுரையில் ஒரு தையல் கடையின் அளவு நோட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். 'கை நீளம் 10, முன்கழுத்து 6½' என்று பென்சில் எழுத்து. ஓரத்தில் ஜாக்கெட் துணியின் துண்டு ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டைத்தான் போனுக்குள் கொண்டுவரப் பார்க்கிறாள். நான்கு கடைகளில் இப்போதே ஓடுகிறது. வெறும் ஆசையில் பேசுகிற பிள்ளை இல்லை அம்மா.

பணத்துக்கு வழி இருக்கிறது. புதுத் தொழில்களை வளர்க்கும் தமிழக அரசின் அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன், 'டான்சீட்' திட்டத்தில் ஆரம்பநிலை நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம் வரை. இது வட்டி கட்டும் கடன் இல்லை. பதிலுக்கு நிறுவனத்தின் உரிமையில் 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கூடவே வரும் ஆட்கள். மத்திய அரசு 2021-இல் 945 கோடி ரூபாயில் தொடங்கிய விதைநிதித் திட்டத்தையே பாருங்கள். அந்தப் பணம் இன்குபேஷன் மையங்கள், அதாவது புது நிறுவனங்களுக்குக் கைகொடுத்து வளர்த்துவிடும் மையங்கள், வழியாகத்தான் போகும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் தொழில் நடத்தி ஜெயித்தவர்களும் முதலீட்டாளர்களும் உட்கார்ந்திருப்பார்கள். மார்க் ஷீட்டை வைத்து அவர்களிடம் ஒன்றும் நடக்காது. "நாலு கடையும் மாசம் எவ்வளவு கட்டுது?" என்று கேட்பார்கள். இன்று அவளிடம் அதற்குப் பதில் இல்லை. எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறாள்.

அப்புறம், பதிவு விஷயம். தனி உரிமையாளர் தொழிலாக (புரொப்ரைட்டர்ஷிப்) மட்டும் பதிந்தால் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட் அல்லது எல்எல்பி (பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) ஆகப் பதியச் சொல்லுங்கள். அந்த அங்கீகாரத்துக்குக் கட்டணமே கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். மதுரையிலேயே ஸ்டார்ட்அப் டிஎன் வட்டார மையம் இருக்கிறது. நீங்களும் கூடப் போய் வாருங்கள். நேரில் பார்த்தால் உங்கள் பயம் பாதி குறையும்.

ஆஃபர் லெட்டரை இப்போதே மறுக்க வேண்டாம். வேலையில் சேர இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இந்த மாதம் ஒவ்வொரு கடையிலும் நூறு ரூபாய் கேட்கச் சொல்லுங்கள். கொடுத்தார்கள் என்றால் அந்த ரசீதுகளோடு வரட்டும், விண்ணப்பத்தைச் சேர்ந்தே எழுதலாம்.