சாப்பாட்டுக்கு எவ்வளவு, தள்ளுபடி எதில்?

தன் வீட்டில் கூலிக்குப் பிள்ளை பார்க்கும் சைல்ட்மைண்டர் போடும் பில் பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து இந்தக் கிழமை பதில் சொல்கிறேன். இங்கே வரும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் வாசகர்களுக்கு ஏற்பாடு வேறு.

கேள்வி: இரண்டு இடத்தில் விலை கேட்டோம். ஒருவர் சாப்பாட்டோடு சேர்த்து மணிக்கு 7.50 பவுண். மற்றவர் 6.75தான், ஆனால் காலை உணவு 1.50, மதியம் 3, மாலை 3 என்று தனியாக எடுக்கிறார். இரண்டாமவர்தானே மலிவு? (ஹாரோ)

பதில்: பிள்ளை எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் மலிவைச் சொல்ல முடியாது.

ஒன்பது மணி நேரம், மூன்று வேளைச் சாப்பாடு என்று வையுங்கள். முதலாமவரிடம் 67.50. இரண்டாமவரிடம் 60.75 உடன் சாப்பாடு 7.50 சேர்ந்து 68.25. காலை உணவை வீட்டிலேயே கொடுத்து அனுப்பினால் 66.75 ஆகிவிடும். காலை 9 முதல் மதியம் 1 வரை மட்டும் என்றால் இருவரிடமும் சரியாக 30 பவுண். மதியச் சாப்பாட்டையும் நீங்களே கட்டிக் கொடுத்தால் இரண்டாமவரிடம் 27. முதலாமவரிடம் டப்பா கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 30தான், ஏனென்றால் சாப்பாட்டு விலை மணிக்கணக்குக்குள் கரைந்திருக்கிறது. ஆகவே இந்த விலைகளில் ஒன்பது மணி நேரமும் மூன்று வேளையும் அங்கேயே என்றால் சேர்த்த விலை, டப்பா கொடுத்து அனுப்பினால் தனி விலை மலிவு.

"ஒரு பிடி பாஸ்தாவுக்கு 3 பவுணா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாஸ்தாவுக்கு மட்டும் இல்லை. கடைக்குப் போகும் நேரம், காஸ், பாத்திரம், தட்டில் மிஞ்சிக் குப்பைக்குப் போவது எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு சைல்ட்மைண்டர் ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக மூன்று பிள்ளைகளைத்தான் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நாற்பது பேருக்கு ஒரே அண்டாவில் சமைக்கும் நேர்சரிக்கு வரும் அடக்கம் அவருக்கு வராது.

கேள்வி: பாலுக்கு நாளுக்கு 50 பென்ஸ் போடுகிறார். மகனுக்கு இரண்டு வயது, முழுநாள். சரியா? (டூட்டிங்)

பதில்: நேர்சரி மில்க் திட்டத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே, நாளுக்கு இரண்டு மணி நேரமாவது இருக்கும் பிள்ளைக்கு 189 மில்லிலீட்டர் பாலுக்கான செலவை அரசு அவருக்குத் திருப்பித் தரும். பதிந்துகொண்டே உங்களிடமும் வாங்கினால் ஒரே பாலுக்கு இரண்டு காசு.

கேள்வி: மகளுக்கு அரசு காசு தரும் 30 மணி நேர இலவசப் பராமரிப்புக்கான கோட் (குறியீட்டு எண்) கிடைத்தது. சைல்ட்மைண்டரோ "சாப்பாட்டுக் காசு நாளுக்கு 8 பவுண் கட்டாயம், சம்மதமில்லை என்றால் இடமில்லை" என்கிறார். இலவசம் என்றார்களே? (ஈஸ்ட் ஹாம்)

பதில்: இதைப் பற்றி எழுதினால் எனக்கு இரத்தம் கொதிக்கும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

முதலில், அந்த 30 மணி நேரம் வருடத்தில் 38 கிழமைக்கு உரியது. மொத்தம் 1,140 மணி. வருடம் முழுக்கப் பரப்பினால், 48 கிழமைக்கு என்றால், கிழமைக்கு 23.75 மணிதான் வரும். "30 என்றார்கள், 24கூட இல்லை" என்று சண்டைக்குப் போகுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அரசு தரும் காசு பராமரிப்புக்கும் கற்பித்தலுக்கும். சாப்பாடு, நாப்பி, சன் க்ரீம், வெளியே கூட்டிப்போகும் செலவு அதில் இல்லை. இவற்றுக்குத் தனியாகக் காசு கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் காசு விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும். இலவச மணி நேரத்துக்கு இடம் தருவதற்கு அதை நிபந்தனையாக வைக்க அனுமதி இல்லை. கட்ட முடியாதவருக்கும் விரும்பாதவருக்கும் மாற்று வழி என்ன என்பதை அவர் யோசித்து வைத்திருக்க வேண்டும். டப்பாச் சாப்பாடு கொடுத்துவிடுவது அதில் சாதாரணமான வழி. தன் வழக்கமான மணிக்கட்டணத்துக்கும் கவுன்சில் தருவதற்கும் உள்ள இடைவெளியை உங்களிடம் வாங்கவும் கூடாது. அதே இடைவெளியைச் "சாப்பாடு" என்று பெயர் மாற்றிப் போடுவதுதான் இப்போது நடக்கிறது. 8 பவுணுக்கு என்னென்ன வேளை, என்னென்ன உணவு என்று கேட்டால் பலருக்குப் பதில் இல்லை.

அந்த இடைவெளி உண்மைதான் என்பதையும் சொல்லவேண்டும். மூன்று பிள்ளைகளை வைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு மணிக்கு ஒரு பவுண் குறைந்தாலும் வலிக்கும். அந்தக் கோபம் போகவேண்டிய இடம் அரசு, உங்கள் பை இல்லை.

செய்யவேண்டியது இது. பில்லைப் பிரித்துக் கேளுங்கள்: இலவச மணி, காசு கட்டும் மணி, சாப்பாடு, மற்றப் பொருட்கள், சிறப்பு நடவடிக்கை, ஒவ்வொன்றும் தனி வரி. 2025 பிப்ரவரியில் வந்த அரசு வழிகாட்டி இப்படிப் பிரித்த பில்லைத்தான் சொல்கிறது. பிறகு "நாளையிலிருந்து மதியச் சாப்பாடு நான் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் அந்தப் பதிலையும் வைத்துக்கொண்டு கவுன்சிலின் குடும்பத் தகவல் சேவைக்கு முறையிடுங்கள். கவுன்சிலும் கையை விரித்தால், கவுன்சில்கள் மீதான முறைப்பாட்டை விசாரிக்கும் லோக்கல் கவர்மென்ட் ஒம்பட்ஸ்மன். சைல்ட்மைண்டர்களை மேற்பார்க்கும் ஒஃப்ஸ்டெட்டுக்கு எழுதிப் பயனில்லை, கட்டணத் தகராறு அவர்கள் வேலை இல்லை.

இன்னொன்று: அந்தக் கோட் எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்த மறந்தால் இலவச மணியே போய்விடும். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

கேள்வி: இரண்டு பிள்ளைகளுக்கு 10 வீதம் தள்ளுபடி என்றார். பில்லில் கிழமைக்கு 7 பவுண்தான் குறைந்திருக்கிறது! (இல்ஃபோர்ட்)

பதில்: எந்தப் பிள்ளையின் கணக்கில் என்று கேட்டீர்களா? மூத்தவருக்கு 30 மணி இலவசம், மீதி 10 மணிக்குத்தான் நீங்கள் காசு கட்டுகிறீர்கள். மணிக்கு 7 பவுண் என்றால் 70. அதில் பத்து வீதம் 7. இளையவரின் 40 மணி, 280 பவுணில் எடுத்திருந்தால் 28 குறைந்திருக்கும். "மூத்த பிள்ளைக்கு" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. தள்ளுபடி எப்போதும் காசு கட்டும் மணி நேரத்தில்தான் விழும். இலவச மணியிலோ சாப்பாட்டிலோ எதிர்பார்க்காதீர்கள். "50 வீதம்" என்ற அட்டையைப் பார்த்து வாங்கிய ப்ரெட் மேக்கர் ஒன்று என் அலுமாரியில் உறங்குவதால், எதில் ஐம்பது என்று கேட்காமல் இப்போது நான் எதையும் தொடுவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு வயதுக்குக் கீழே பொதுவாக ஒரு பிள்ளையைத்தான் அவர் எடுக்கலாம். இளையவருக்கு அந்த ஒற்றை இடத்தைக் கொடுத்துவிட்டார். வேறு யாரும் முழு விலை தரத் தயாராக இருக்கும் இடத்தில் தள்ளுபடி கொடுக்காமல், மூத்தவர் கணக்கில் கொடுத்தது கெட்டித்தனம்தான், ஏமாற்று இல்லை.

கேள்வி: பிள்ளைக்குக் காய்ச்சல், மூன்று நாள் போகவில்லை. சாப்பாட்டுக்கும் காசு எடுத்துவிட்டார். ஒப்பந்தம் நீளமாக இருந்ததால் வாசிக்கவில்லை. (வெம்ப்ளி)

பதில்: வாசியுங்கள். முந்தின நாள் மாலைக்குள் சொன்னால் சாப்பாட்டுக் காசு இல்லை, அன்று காலை சொன்னால் உண்டு என்ற வரி அதில் இருந்தால் அது நியாயமானது, சாமான் வாங்கியாகிவிட்டது. அவருக்கே காய்ச்சல் வந்து மூடினால் கதை வேறு, தராத சேவைக்குக் கட்டணம் கேட்பதை நீங்கள் எதிர்க்கலாம். இரண்டையும் கையெழுத்துக்கு முன் பேசவேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். தினமும் உருளைக்கிழங்கும் பீன்ஸும்தான், ஆனால் கோழி சாப்பிடும் பிள்ளைக்கு உள்ள அதே 3.50. சோறு கொடுத்துவிட்டால் சூடாக்க மாட்டேன் என்கிறார். (க்ரொய்டன்)

பதில்: தட்டுக்கு ஒரே விலை வைப்பது அவர் இஷ்டம். ஆனால் சத்தான, சமநிலையான உணவு தரவேண்டியது அவர் கடமை. ஒரு கிழமை மெனுவை எழுத்தில் கேளுங்கள், பருப்பும் முட்டையும் (நீங்கள் சாப்பிடுவதானால்) எந்த நாளில் என்று கேளுங்கள்.

சோற்றில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வடித்த சோறு வெளியே கிடந்தால் அதில் கிருமி பெருகி நஞ்சாகும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு நாளுக்குள், ஒரே ஒருமுறை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். நீங்கள் வீட்டில் அதை எப்படி வைத்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. அகன்ற வாய் ஃபிளாஸ்க் வாங்குங்கள். கொதிநீரை ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, அன்று காலை வடித்த சோற்றையும் பருப்பையும் கொதிக்கக் கொதிக்க நிரப்புங்கள். மேலே இடம் விடாதீர்கள். காலியிடம்தான் சூட்டைத் தின்னும். பிள்ளைக்குப் போடுமுன் தட்டில் ஆறவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்துத் தெரு ஆன்டி ஒருவர். பதிவு இல்லை. கையில் காசாகக் கொடுத்தால் மாதம் 600இல் 10 வீதம் குறைப்பாராம். (ஈஸ்ட் ஹாம்)

பதில்: 540 கொடுப்பீர்கள். பதிவு செய்தவருக்கு அதே 600ஐ அரசின் டக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கால் கட்டினால் நீங்கள் போடுவது 480, அரசு போடுவது 120. தள்ளுபடி கேட்டு மாதம் 60 நட்டம். (தகுதி இருக்க வேண்டும், யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையோடு சேர்த்து எடுக்க முடியாது.) தன் வீட்டில் நாளுக்கு இரண்டு மணிக்கு மேல் கூலிக்குப் பிள்ளை பார்ப்பவர் பதியவேண்டும் என்பது சட்டம். ஆன்டி நல்லவராகவே இருக்கலாம்.

கேள்வி: ஆறு மாதம் முன்கூட்டிக் கட்டினால் 15 வீதம் தள்ளுபடி என்றார். 3,600க்குப் பதில் 3,060 வங்கியில் போட்டோம். இரண்டு மாதத்தில் மூடிவிட்டார். ஃபோன் எடுப்பதில்லை. (ஹேய்ஸ்)

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு இடம் கிடைத்ததே பெரிது என்று இருப்பவரிடம் இப்படிக் கேட்பது கொடுமை.

தள்ளுபடி விலையில் மாதம் 510. இரண்டு மாதம் கழித்து மீதி 2,040. "நிறுத்தியதால் தள்ளுபடி போச்சு, இரண்டு மாதத்துக்கும் 600" என்று அவர் 1,860 கணக்குக் காட்டலாம். ஏற்காதீர்கள், ஒப்பந்தத்தை முறித்தது அவர். ஒப்பந்தம், வங்கி விபரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். தொகையைக் குறிப்பிட்டு, 14 நாள் தவணையோடு கடிதம் அனுப்புங்கள்; தபாலில் அனுப்பி, தபாலகத்தில் அனுப்பிய சான்று வாங்குங்கள். பதில் வராவிட்டால் இணையத்தில் சிறுகோரிக்கை வழக்கு. 10,000 பவுண் வரை வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம், வென்றால் கோர்ட் கட்டணமும் சேர்த்துக் கிடைக்கும். கடிதம் எழுதுவதற்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் எண்ணில் ஒருமுறை பேசுங்கள். கடனட்டையில் கட்டியிருந்தால் அட்டை நிறுவனத்திடமே கேட்டிருக்கலாம். வங்கி மாற்றத்துக்கு அந்த வழி இல்லை.

அடுத்த இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம், எத்தனை வீதம் சொன்னாலும்.