சங்கும் டப்பாவும்: தாய்ப்பால் பற்றி வாசகர் கேள்வி – பதில்

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கடைப்பிடிக்கப்படுவதையொட்டி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தவற்றுள் சிலவற்றுக்கு, மகப்பேறு வார்டுகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: அறுவை சிகிச்சை மூலம் பிறந்த முதல் குழந்தை. மூன்று நாள் பால் வரவில்லை என்று டப்பா பால் கொடுத்தார்கள். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. மாலையானால் குழந்தை விடாமல் அழுகிறது. மார்பும் முன்போலக் கனப்பதில்லை. "உனக்குப் பால் பத்தவில்லை" என்று வீட்டில் எல்லாரும் சொல்வதால், நாளுக்கு மூன்று முறை டப்பா பால் கொடுக்கிறேன். முழுக்கத் தாய்ப்பாலுக்குத் திரும்ப முடியுமா?
– வாசகி, காட்பாடி

பதில்: பெரும்பாலும் முடியும். அதற்கு முன், உங்களுக்குப் பால் வரவில்லை என்று சொன்னார்களே, அந்த மூன்று நாட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் உங்கள் மனத்தில் பயம் புகுந்தது அங்கேதான். பிள்ளை பிறந்த உடனே எந்தத் தாய்க்கும் மார்பு நிறையப் பால் இருப்பதில்லை. முதலில் இருப்பது சீம்பால். அது சில தேக்கரண்டி அளவே வரும், குழந்தையின் சிறிய வயிற்றுக்கு அதுவே போதும். பால் பெருகுவது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு அது இன்னும் சற்றுத் தள்ளிப்போவதுண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அறுவை சிகிச்சைப் பிரசவங்கள் 2015–16-இல் 34.1 விழுக்காடாக இருந்து, 2019–21-இல் 44.9 விழுக்காடாக உயர்ந்திருக்கின்றன. அப்படியானால் இந்த ஒரு நாள் தாமதத்தைக் கண்டு கலங்கும் வீடுகளும் பெருகியிருக்கின்றன என்றுதான் பொருள். அந்தக் கலக்கத்தில் யாராவது ஒருவர் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்.

இனி இன்றைய நிலை. ஐந்தாறு வாரத்தில் மார்பு கனக்காமல் இலகுவாக இருப்பது பால் வற்றியதற்கு அடையாளம் அன்று. குழந்தை குடிக்கும் அளவுக்கு ஏற்பச் சுரக்க உடல் பழகிக்கொண்டது என்பதற்கு அடையாளம். மாலை நேரத்து அழுகையும் இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளிடம் காணப்படுவதே. அந்த நேரத்தில் குழந்தை அரை மணிக்கொரு முறை மார்பைத் தேடினால், மாமியாரும் நாத்தனாரும் உடனே "பசிக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பால் போதுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு அளக்க முடியாது. இருபத்து நான்கு மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் வெளிர்நிறச் சிறுநீர் கழிக்கிறதா, எடை தொடர்ந்து ஏறுகிறதா என்னும் இரண்டையும் பாருங்கள். டயபர் கட்டிவிட்டால் சிறுநீர்க் கணக்குத் தவறிவிடும் என்பதால், பகலில் இரண்டு நாள் பழைய வேட்டித் துணியையே கட்டிப் பாருங்கள்.

பால் சுரப்பு கேட்டால்தான் வரும். குழந்தை உறிஞ்சி மார்பு காலியாகும்போதுதான் அடுத்த முறைக்கான பால் உருவாகிறது. நீங்கள் டப்பா பால் கொடுக்கும் அந்த மூன்று வேளையும் மார்புக்குக் கேட்பார் இல்லை. ஆகவே சுரப்பு குறைகிறது, குறைந்ததால் நான்காவது டப்பா பால் வருகிறது. இந்தச் சுழலைத் திடீரென்று அறுக்காதீர்கள். குழந்தையை முதலில் எடை பார்த்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, டப்பா பாலைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு மார்பிலும் கொடுத்த பிறகே அதைக் கொடுங்கள். அதையும் புட்டியில் கொடுக்காமல், மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடையில் கொடுங்கள். நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை மார்பில் போடுங்கள். இரவு வேளைகளை விட்டுவிடாதீர்கள், பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் இரவில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல், வாயை அகலத் திறந்து சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலித்தால் பிடிப்பு சரியில்லை என்று பொருள். அதை எழுத்தில் கற்றுத்தர முடியாது. ஒரு செவிலியர் உங்கள் அருகில் அமர்ந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.

பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் செய்து தருகிறார்கள் என்று தனியாக எழுதியிருந்தீர்கள். சாப்பிடுங்கள், பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல உணவு. ஆனால் சுறாப் புட்டு தின்றுவிட்டுக் குழந்தையை மார்பில் போடாமல் இருந்தால் பால் வராது. அதைவிட, சமையலையும் வருகிறவர் போகிறவரையும் வீட்டார் பார்த்துக்கொண்டு, உங்களையும் குழந்தையையும் இரண்டு நாள் ஓர் அறையில் நிம்மதியாக விட்டால் நல்லது.

கேள்வி: நான் நான்கு பிள்ளைகளைப் பெற்றவள். நால்வருக்கும் மூன்று நாள் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சங்கில் சர்க்கரைத் தண்ணீர்தான் கொடுத்தோம். எல்லாரும் நன்றாகவே இருக்கிறார்கள். பேத்தி பிறந்தபோது நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்கப் போனேன். நர்ஸ் என்னைத் திட்டிவிட்டாள். நாங்கள் வளர்க்கவில்லையா?
– ஒரு பாட்டி, குடியாத்தம்

பதில்: வளர்த்தீர்கள் அம்மா. திட்டியது தவறு, பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் சொல்ல வந்தது சரி. மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருப்பதால் சீம்பாலைக் கெட்ட பால் என்று அன்று நினைத்தோம். என் தாயும் அப்படித்தான் நினைத்தார். அந்த மஞ்சளுக்குக் காரணம் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்து. நோயை எதிர்க்கும் புரதங்கள் அதில் நிறைந்திருப்பதால் குழந்தைக்குப் போடும் முதல் தடுப்பூசி அதுவே என்று சொல்வார்கள்; குடலில் தங்கியிருக்கும் கரிய மலம் எளிதில் வெளியேறவும் அது உதவுகிறது. நாம் கீழே கொட்டியது அதைத்தான்.

சர்க்கரைத் தண்ணீரில் கெடுதல் சர்க்கரையை விடத் தண்ணீராலும் சங்காலும்தான் மிகுதி. வேலூர் நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை 2002 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, மருத்துவர் ககன்தீப் காங் உள்ளிட்ட வேலூர் ஆய்வாளர்கள் ரோட்டா வைரஸ் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே அக்குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரை அந்தக் கிருமி தொட்டுவிட்டிருந்தது. வயிற்றுப்போக்குக் கிருமி இவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் ஊரில், பிறந்த அன்றே அதற்கு இன்னொரு வாசலைத் திறந்துவிட வேண்டியதில்லை. தேனும் வேண்டாம், ஒரு வயதுவரை தேனைத் தொடவே கூடாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சங்கை விட்டுவிடச் சொன்ன நாங்கள், அந்த இடத்தில் டப்பா வந்து உட்கார்ந்ததைத் தடுத்தோமா? மருந்துக்கடையில் அழகாக அடுக்கியிருக்கும் பால் பவுடரும் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நுழைந்த சர்க்கரைத் தண்ணீர்தான். விலை மட்டும் கூடுதல். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரி கொடுப்பதையும், டப்பாவின் மேல் குழந்தைப் படம் போடுவதையும் தடை செய்திருக்கிறது. அப்படியும் அது வீடுகளுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் காலத்தில் மூன்றாம் நாளுக்குப் பிறகு வேறெதுவும் தராமல் மார்பிலேயே வளர்த்தீர்களே, பேத்தியின் தாய்க்கு அந்தத் தைரியத்தை நீங்கள் சொன்னால் செவிலியர் சொல்வதைக் காட்டிலும் எடுபடும்.

கேள்வி: எங்கள் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, சங்கில் கறந்து விற்கிறார்கள். சளி பிடிக்காது என்கிறார்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு ஒரு சங்கு கொடுக்கலாமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: வேண்டாம். காய்ச்சாத பால், கழுவாத சங்கு. சளி பிடிக்காமலிருக்க உங்கள் பாலே போதும்.

கேள்வி: கத்திரி வெயிலில் மூன்று மாதக் குழந்தைக்கு நாக்கு வறளாதா? வெந்நீர் ஆறவைத்து இரண்டு கரண்டி கொடுத்தால் என்ன?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வேலூர் வெயிலில் பெரியவர்களுக்கே நாக்கு ஒட்டிக்கொள்வதால் இந்தக் கேள்வி ஒவ்வொரு மே மாதமும் வருகிறது. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான். வெயில் நாட்களில் குழந்தை அடிக்கடி கேட்கும், சிறிது நேரமே குடிக்கும், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். தண்ணீரால் நிறைந்த வயிறு பாலைக் கேட்காது. ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர், மோர், இளநீர் எல்லாம் நீங்கள் குடியுங்கள்.

கேள்வி: ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். பிரசவத்துக்கு முன்பே சில வாரம் விடுப்பு போய்விட்டதால், குழந்தைக்கு நாலரை மாதம் ஆகும்போது திரும்பச் சேர வேண்டும். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு. என் தாயார் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். புட்டிக்கு மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: கட்டாயமில்லை. பாலைப் பீய்ச்சி எடுத்து வைக்க இன்றே பழகிக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும் நாளன்று தொடங்கினால் பதற்றத்தில் பால் இறங்காது. அதற்கு விலையுயர்ந்த பம்ப் வேண்டியதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கருவட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, உட்புறம் அழுத்திப் பிறகு மெல்லக் கூட்டிப் பிடித்தால் போதும். கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் சேமியுங்கள். 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பது பொதுவான அளவு. நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் வீட்டுக்குள் அதைவிடச் சூடு மிகுதி என்பதால், எடுத்த உடனே ஃப்ரிட்ஜின் உட்புறத்தில் வைத்துவிடுங்கள், கதவில் வைக்க வேண்டாம். அங்கே நான்கு நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது அடுப்பில் சுட வைக்காமல், கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்துக் குளிர்ச்சியைப் போக்குங்கள். மேலே ஏடுபோலக் கொழுப்புப் பிரிந்து நின்றால் கெட்டுவிட்டது என்று உங்கள் தாயார் கொட்டிவிடப் போகிறார். கலக்கினால் சேர்ந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குடித்து மீந்ததை மட்டும் கொட்டிவிடலாம். கம்பெனியிலும் இரண்டு மூன்று முறை பீய்ச்சி எடுக்காவிட்டால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும்.

எங்கே அமர்ந்து எடுப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வியாக இருக்கும். பேறுகால விடுப்பு 2017-இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது எல்லாருக்கும் தெரியும். அதே திருத்தம் ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரலாம் என்றும் சொல்கிறது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தருவது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. இவற்றைக் கேட்டுப் பெறத் தயங்கிக் கழிப்பறையில் நின்றுகொண்டு பாலைப் பீய்ச்சி ஊற்றிய பெண்களை நான் அறிவேன். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், உங்கள் லைனில் கைக்குழந்தை உள்ள நான்கைந்து பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள். பூட்டு போடக்கூடிய சிறிய அறை ஒன்றும் நாற்காலி ஒன்றும் பெரிய செலவில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் கேழ்வரகுக் கூழ், பருப்புச் சோறு என்று பகல் உணவைத் தொடங்கிவிடலாம்; அதன் பிறகு இந்த நெருக்கடி பாதியாகக் குறையும். வீடு திரும்பியதும், இரவிலும், அதிகாலையிலும் மார்பிலேயே கொடுங்கள்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு ஒன்றரை வயது. திருக்குர்ஆன் முழுமையாக இரண்டு ஆண்டுகள் என்று சொல்லியிருக்க, உறவினர்கள் "ஒரு வயதுக்கு மேல் அது வெறும் தண்ணீர்" என்று சொல்லி வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். மனைவியோ இரவில் தூங்க முடியாமல் களைத்துப்போயிருக்கிறார். கணவன் இதில் என்ன செய்ய முடியும்?
– வாசகர், மேல்விஷாரம்

பதில்: சகோதரரே, இந்தப் பகுதிக்கு ஆண்கள் எழுதுவது அரிது. உலக சுகாதார நிறுவனமும் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றுதான் சொல்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை குழந்தைக்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பாலால் தர முடியும். வெறும் தண்ணீரால் அது ஆகாது.

ஆனால் தொடர்வதா நிறுத்துவதா என்பதை, தூக்கத்தை இழக்கிறவர் தீர்மானிக்கட்டும். அவர் நிறுத்த நினைத்தால் ஒரு வேளையை மட்டும் விட்டு, சில நாள் கழித்து அடுத்த வேளையை விடுங்கள். வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் மறக்கடித்தால் குழந்தை மிரளும், தாய்க்குப் பால் கட்டி மார்பு வீங்கும், காய்ச்சல்கூட வரலாம். அவர் தொடர நினைத்தாலும், குறைக்க வேண்டியது நள்ளிரவு வேளைகளைத்தான், அதற்கு உங்கள் உதவி தேவை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் குழந்தையை உங்கள் பக்கத்தில் படுக்கவைத்துத் தட்டித் தூங்கச் செய்யுங்கள்; நடுவில் விழித்தால் டம்ளரில் சிறிது தண்ணீர் கொடுத்துத் தோளில் போட்டு நடங்கள். முதல் மூன்று நான்கு இரவுகள் அழும். அந்த இரவுகளில் மனைவி வேறு அறையில் தூங்கட்டும்.