722 – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணை,

ஜேர்மனியிலிருந்து வந்த மாமா அசல் காரைச் சிறிதாக்கிச் செய்த மாதிரிக் கார் ஒன்று தந்தார். சி.எம்.சி. என்ற கொம்பனி செய்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர்., 1:18 அளவு (அசலின் பதினெட்டில் ஒரு பங்கு), பக்கத்தில் 722 என்று எழுதியிருக்கு. விலையைக் கேட்ட அம்மா, "உந்தக் காசுக்கு ஒரு பசுமாடு வாங்கியிருக்கலாம்" என்றா. எனக்கோ இன்னும் சேர்க்க ஆசை. எல்லாம் இழந்த சனத்துக்கு நடுவில் இது சரியா? எங்கட புழுதிக்கும் வெக்கைக்கும் தாங்குமா?

– ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

அன்புள்ள தம்பி,

அம்மா சொன்னது நியாயம். வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய காசில் வாங்குங்கள், கடன்பட வேண்டாம். அதற்குமேல் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

722 என்பது அசல் கார் போட்டியில் புறப்பட்ட நேரம். 1955 மே 1, காலை 7.22. இத்தாலியின் பிரெசியாவிலிருந்து ரோமுக்குப் போய்த் திரும்பும் மில்லே மிலியா என்ற கார் ஓட்டப் போட்டி. ஸ்டேர்லிங் மொஸ் ஓட்டினார். பக்கத்தில் இருந்த டெனிஸ் ஜென்கின்சன், வளைவுகளையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த 18 அடிக் காகிதச் சுருளை உருட்டி உருட்டிப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். அந்த இரைச்சலில் பேச்சுக் கேட்காது. ஏறத்தாழ 1,600 கிலோமீற்றரை 10 மணி 7 நிமிடம் 48 செக்கனில் முடித்தார்கள். எங்கள் ஏ-9 வீதியைக் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஐந்து தடவை ஓடுவதற்குச் சமம். அதுவும் ஊர்களுக்குள்ளால், சாதாரணத் தெருவில்!

இனிப் பொனற்றைத் திறந்து பாருங்கள். சாய்த்துப் பூட்டிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின். அசல் காரில் பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பாய்ச்சினார்கள், பெற்றோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் காபரேற்றர் இல்லை. தொண்ணூறுகளின் பெற்றோல் தடைக்குள் மல்லாவியில் வளர்ந்த எனக்கு இதன் அருமை தெரியும். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40 கார்களின் பொனற்றுக்குள் தலையை நீட்டித்தான் எஞ்சின் என்றால் என்னவென்று படித்தேன். மீன்ரின்னில் கார் செய்து, தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் பூட்டினேன். இடம்பெயர்வில் அது விடுபட்டுப் போனது. இன்றைக்கும் அதை நினைத்துக் கவலைப்படுகிறேன். எல்லாம் இழந்த சனம் என்கிறீர்கள். இழந்தவர்களுக்குத்தான் தம்பி, ஒரு சாமானைப் பேணி வைத்திருப்பதன் பெறுமதி தெரியும்.

பராமரிப்புக்கு வருவோம். யன்னல் வெயில் படவே கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள், மாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போடுங்கள். செம்புழுதியைத் துணியால் துடைத்தால் பெயின்ற் கீறும். மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். வியர்வைக் கையால் தொடாதீர்கள். வெக்கையில் ரயரிலிருந்து கசியும் பசை அடித்தட்டில் ஒட்டும், ஆகவே சில்லுகள் தட்டில் படாமல் சற்று உயர்த்தி வையுங்கள். பழைய மாதிரிகளை வாங்கும்போது பெயின்ற்றுக்குக் கீழே கொப்புளமோ மயிரிழை போன்ற வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரியை வார்த்த நாக (துத்தநாக) உலோகக் கலவையில் ஈயம் சேர்ந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே வெடித்து உதிரும். அதற்கு மருந்தில்லை. ஈரமும் சூடும் அதை விரைவாக்கும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் காரின் சில்லில், சைக்கிள் சில்லுக்குக் கோர்ப்பதுபோல, ஒவ்வொரு கம்பியாகக் கையால் கோர்த்திருப்பார்கள். கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.