விழித்ததும் கனவு மறப்பது ஏன்?

கேள்வி: விடியற்காலையில் நீளமாகக் கனவு வருகிறது. பல் துலக்கி முடிப்பதற்குள் மறந்துவிடுகிறது. நினைவில் நிறுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம் வரும். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்த கட்டம் இது. அப்போது மூளையின் மின் அலைகள் விழிப்பு நிலையை ஒத்திருக்கும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இங்கேதான். முதல் சுற்றில் சில நிமிடங்களே நீடிக்கும் இக்கட்டம், விடியலை நெருங்க நெருங்க அரை மணி நேரம்வரை நீளும். உங்கள் கனவு விடியற்காலையில் வருவதன் காரணம் இதுவே.

இந்தக் கட்டத்தில் நோரட்ரினலின் என்னும் மூளை வேதிப்பொருளின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. நினைவைப் பதியவைப்பதில் அதற்குப் பங்குண்டு. ஆகவே கனவின் நடுவிலோ அது முடிந்த உடனேயோ விழித்தால்தான் ஏதாவது தங்கும்.

விழித்ததும் எழாதீர்கள், புரளாதீர்கள், கைப்பேசியைத் தொடவே தொடாதீர்கள். கண்மூடி, கடைசிக் காட்சியைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். காட்சி பிடிபடாவிட்டால் அச்சமா, மகிழ்ச்சியா என்று உணர்வைத் தேடுங்கள். பிறகு தலைமாட்டு நோட்டில் நாலைந்து சொற்களைக் கிறுக்கினால் போதும். விரிவாக அப்புறம் எழுதலாம். அரைகுறை உறக்கத்தோடு அலாரம் வைத்து எழுபவர்கள் இழப்பது அந்தக் கடைசி நீண்ட கட்டத்தைத்தான். மதுவும் முன்னிரவில் இந்தக் கண்ணசைவுக் கட்டத்தைக் குறைக்கும். சில மனச்சோர்வு மருந்துகளும் அப்படியே. ஆனால் கனவுக்காக மருந்தை நிறுத்தவே கூடாது.