'நியூட்ரல்' என்று எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: வீட்டில் மிக்ஸிங் (பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்வது) செய்கிறேன். காதில் அச்செடுத்துச் செய்யும் இன்-இயர் மானிட்டர் (காதுக்குள் பொருத்திக் கேட்கும் இயர்போன்) வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். 'நியூட்ரல்', அதாவது எந்த ஒலியையும் கூட்டாமல் குறைக்காமல் தருவது, என்று விற்பதை நம்பலாமா? எத்தனை டிரைவர் (உள்ளே ஒலியெழுப்பும் சிறு பாகம்) வேண்டும்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்தச் சொல்லை விடுங்கள், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி வருகிறது என்று காட்டும் அளவீட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் கோடு நேராக இருக்கக் கூடாது. திறந்த காதுக்குழாய் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தானே தூக்கிக் கொடுக்கும். காதை அடைத்ததும் அது போய்விடும். கருவிதான் ஈடுகட்ட வேண்டும், அதனால் அங்கே ஒரு மேடு தெரிய வேண்டும். 1991-இல் வந்த எடிமோடிக் ஈஆர்-4 என்ற இயர்போன் இந்தக் கணக்கில் செய்ததுதான். அதில் ஒரே ஒரு டிரைவர்! எண்ணிக்கைக்குப் பணம் கொட்டாதீர்கள். அதுபோன்ற ஒன்றை முதலில் ஒரு மாதம் கேளுங்கள். பாஸ் (தாழ்ந்த ஒலி) குறைவாகத் தோன்றினால், செய்பவரிடம் அதை எவ்வளவு கூட்டச் சொல்லலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், அச்சு. என் முதல் ஜோடிக்கு வாயை மூடியபடி அச்செடுத்தார்கள். மேடையில் நான் பாட வாய் திறந்ததும் அடைப்பு விலகி பாஸ் காணாமல் போனது. மூன்று வாரச் சம்பளம் அது. பல்லிடையே கட்டை வைத்து, காதுக்குழாயின் இரண்டாவது வளைவு தாண்டி எடுக்கச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் இலவசமாகத் திருத்தித் தருவார்களா, எத்தனை நாளைக்குள் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.