மழை வந்தாலே வீட்டில் டிரிப் ஆவது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. டிரிப் என்பது, ஆபத்து தெரிந்ததும் மின்பெட்டியின் சுவிட்ச் தானே கீழே விழுவது. 'டெஸ்ட்' பொத்தான் உள்ள சுவிட்ச் விழுந்தால் பெரும்பாலும் மின்கசிவு. லாரியில் காலையில் ஏறிய தலையையும் மாலையில் இறங்கிய தலையையும் எண்ணும் கங்காணி மாதிரி, போன மின்சாரமும் திரும்பியதும் சமமா என்று அது பார்க்கும். வீடு முழுவதற்குமான சுவிட்ச் என்றால், பொதுவாக 0.1 ஆம்பியர் குறைவதற்குள் விழுந்துவிடும்.

கூரை ஒழுகி நனைந்த வயர், பழைய வாட்டர் ஹீட்டர்: வழக்கமான சந்தேகம் இவற்றின் மேல்தான். (பக்கத்தில் இடி விழுந்தாலும் விழும், அது வேறு கதை.) கை உலர்ந்திருக்கட்டும். சின்ன சுவிட்சுகளை எல்லாம் இறக்கி, 'டெஸ்ட்' பொத்தான் உள்ளதை ஏற்றி, அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். அதன் பிளக்குகளைப் பிடுங்கியும் விழுந்தால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

சுவிட்ச் கெட்டுவிட்டது என்று பலர் அதையே மாற்றச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது தன் வேலையைத்தான் செய்கிறது.